பர்ஸ்ட் லேடி அரங்கசாமி

அம்மா நொய்யல் நண்பர்கள் சங்கத்தின் தலைவராகத் தேர்வான செய்தி வந்தபோது நைனா தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். "ரொம்ப சந்தோசம், லட்சுமி" என்றார். இன்னொரு தோசை போட்டுக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் சாந்தாமணி அத்தையிடமிருந்து ஃபோன். அம்மாவின் கையெல்லாம் மாவு. ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மணி, தலைவர் நீதான்னு முடிவாகிப்போச்சு. நல்ல காரியம். அப்ப பர்ஸ்ட் லேடி யாருங்கறதுதான் இப்பக் கேள்வி."

அம்மா என்னைப் பார்த்தார். நான் நைனாவைப் பார்த்தேன். நைனாவுக்குப் புரை ஏறியது.

சங்கம் பழையது. ஆர்.எஸ்.புரத்தில் அதற்குச் சொந்தக் கூடம் உண்டு. கண் சிகிச்சை முகாம் நடத்துவார்கள், பள்ளிகளுக்குக் கழிப்பறை கட்டித் தருவார்கள். இதுவரை தலைவர்கள் எல்லோரும் ஆண்கள். தலைவரின் மனைவிக்கு பர்ஸ்ட் லேடி என்று பெயர். சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தில் அப்படி ஒரு பதவி இல்லை. ஆனால் விதிமுறைகளை மாற்றலாம், பர்ஸ்ட் லேடியை மாற்ற முடியாது. பதவியேற்பு நாளில் அவர்தான் வாசலில் நின்று பன்னீர் தெளித்து வரவேற்க வேண்டும். மேடையில் பேச வேண்டும். பிறகு வருடம் முழுவதும் மகளிர் அணியை நடத்த வேண்டும். மாதம் ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு பேச்சு. சாந்தாமணி அத்தையின் கணவர் மூன்று முறை தலைவராக இருந்தவர். அதனால் அத்தை மூன்று முறை பர்ஸ்ட் லேடி.

அம்மா சங்கத்துக்குள் போனது தனிக் கதை. நைனாவுக்குப் போத்தனூரில் தண்ணீர் மோட்டார் செய்யும் பட்டறை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு இலவசமாக மோட்டார் கேட்டுச் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். பட்டறையின் நிர்வாகம் அம்மாவிடம். எந்தப் பள்ளி, எத்தனை பிள்ளைகள், கிணறா போர்வெல்லா, கரண்ட் இருக்கிறதா, யார் ஸ்விட்ச் போடுவார்கள் என்று அம்மா கேட்ட கேள்விகளுக்கு அவர்களிடம் பதில் இல்லை. மோட்டாரோடு அம்மாவையும் உறுப்பினராக எடுத்துக்கொண்டு போனார்கள். நைனா இன்றுவரை உறுப்பினர் இல்லை.

எங்கள் வீட்டில் பேச்சு முழுவதும் அம்மாவிடம் இருந்தது. மிச்சத்தை நைனாவும் நானும் பங்கு போட்டுக்கொண்டோம். நான் வேதியியல் படித்துவிட்டு ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். குடுவைகளோடு எனக்குச் சிக்கலில்லை. கல்லூரியில் என் கருத்தரங்கக் கட்டுரையைக் கரும்பலகையைப் பார்த்தபடியே படித்து முடித்தேன். அவையைப் பார்த்துத் திரும்பச் சொன்னார்கள். திரும்பினேன். அதற்குப் பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை.

ஆகவே கேள்வி எனக்குத் தெளிவாகவே புரிந்தது. ஒன்று நைனா, இல்லாவிட்டால் நான். வருடம் முழுவதும், மேடையில்.

*

மகளிர் அணிக் கூட்டம் சாந்தாமணி அத்தை வீட்டில் நடந்தது. தலைவர் அதற்கு வரக் கூடாது, தலைவரின் இணை மட்டும்தான் வரலாம் என்பது மரபு. எனவே நைனா போக வேண்டியதாயிற்று. "நீயும் வா கண்ணு" என்றார். தனியாகப் போகப் பயம். அத்தை என்னையும் அழைத்துவரச் சொல்லியிருந்தார் என்பது போன பிறகுதான் தெரிந்தது.

கூடம் நிறையப் பெண்கள். நாங்கள் இருவரும் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தோம். நைனா மிக்சர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, கூச்சப்படாம எடுத்துக்கங்க" என்றார் அத்தை. பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னார். "விசயத்துக்கு வருவோம். தலைவருக்கு நல்ல தொணைன்னா எப்படி இருக்கோணும்? அதைப் பேசி முடிவு பண்ணிப்போட்டா, யாருங்கறது தானா தெரிஞ்சுரும். நானே ஆரம்பிக்கறேன். மொதல்ல, மொகம் கோணாம இருக்கோணும். எங்கூட்டுக்காரரு சொல்லாம கொள்ளாம பத்துப் பேரைக் கூட்டிட்டு வந்து நின்னு, காப்பிங்கறாரு. சிரிச்சுட்டே போடோணும்."

நைனா மெல்லச் சொன்னார். "காப்பி நான் போடுவேனுங்க."

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

"சக்கரை?" என்று கேட்டார் அன்புச்செல்வி டீச்சர். அவர் ஒரு பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஒவ்வொருத்தரையும் கேட்டுட்டுப் போடுவேனுங்க."

"எங்கூட்ல கேக்கறதும் இல்ல, போடறதும் இல்ல" என்றார் டீச்சர். நைனாவுக்கு ஒரு மதிப்பெண் விழுந்தது தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"அப்பறம் சேலை" என்றார் பின்வரிசையில் ஒருவர். "தலைவரோட சட்டைக்குத் தோதான கலர்ல கட்டோணும். போட்டோவுல அதுதான் எடுப்பு."

எல்லோரும் நைனாவின் சட்டையைப் பார்த்தார்கள். வெள்ளை. நைனாவிடம் இருக்கும் எல்லாச் சட்டையும் வெள்ளை.

"வெள்ளை எதுக்கும் ஒத்துப் போகுமுங்க" என்றார் நைனா.

"அதெல்லாம் சரிங்க, ஆள் ஞாபகம் வேணும்" என்றார் டீச்சர். "யாரு எவரு, யாரோட பொண்ணுக்கு வரன் பாக்கறாங்க, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்ல, எல்லாம் மனசுல இருக்கோணும். போன வருசம் பந்தியில ரெண்டு சம்பந்திகளைப் பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சுப்போட்டாங்க. பாயசம் வர்றதுக்குள்ள கோர்ட்டு வரைக்கும் போயிருச்சு."

நைனாவின் முகம் வாடியது. பட்டறையில் அவருக்கு எல்லா மோட்டாரையும் சத்தத்தை வைத்தே தெரியும். பக்கத்துத் தெருக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியாது.

மேக்னா கையைத் தூக்கினார். அங்கே என் வயதில் இருந்தவர் அவர் ஒருவர்தான். புதிதாகக் கல்யாணமாகி வந்தவர். "ஆண்ட்டி, ஒண்ணு சொல்லட்டுமா? ஸ்பவுஸுங்கறவங்களும் ஒரு தனி ஆள்தானே? அவங்களுக்குன்னு ஒரு வேலை, ஒரு கருத்து எல்லாம் இருக்கும்ல?"

"இருக்கட்டும் கண்ணு. கருத்து நல்லா இருக்கட்டும்" என்றார் அத்தை. "ஊட்டுல இருக்கட்டும்."

சிரிப்பு அடங்கியதும் அத்தை முந்தானையைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதெல்லாம் யாரு வேணாலும் பண்ணிப்போடலாம். நெசமான வேலை ஒண்ணே ஒண்ணுதான். தலைவர் மைக்கைப் புடிச்சா, நிறுத்தத் தெரியோணும். எங்கூட்டுக்காரருக்கு மைக் கெடைச்சா நேரங்காலம் தெரியாது. நான் முன்வரிசையில உக்காந்துட்டு ஒரு இருமல் இருமுவேன். முடிச்சுக்கங்கன்னு அர்த்தம். ரெண்டாவது இருமலுக்கு, சோறு ஆறுதுன்னு அர்த்தம். மூணாவதுக்கு அவரே எறங்கி வந்து, ஏம்மா ஒடம்புக்கு என்னாச்சுன்னு கேட்டுருவாரு. அப்ப மைக்கை வாங்கிப்போடலாம்."

அந்த இருமலைச் செய்தும் காட்டினார். சமையலறையிலிருந்து யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

"இப்ப வெங்கடலட்சுமி மைக்கைப் புடிக்கப் போறா" என்றார்.

எல்லோரும் நைனாவைப் பார்த்த பார்வையில் அனுதாபம் இருந்தது. அம்மாவின் பேச்சு சங்கத்தில் பிரசித்தம். போன வருடம் ஒரு பள்ளியில் கழிப்பறைத் திறப்பு விழா. அம்மா திட்ட அறிக்கை வாசித்தார். ரிப்பன் வெட்டுவதற்கு முன்பே சிறப்பு விருந்தினர் ஓரமாகப் புகுந்து கட்டடத்தைப் பயன்படுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்கண்ணா" என்றார் அத்தை. "பொண்ணு இருக்குது. படிச்ச புள்ள. பன்னீர் தெளிக்கறது, சந்தனம் குடுக்கறதெல்லாம் பொண்ணு பண்ணா லட்சணமா இருக்கும். இந்த வருசத்துக்கு பூஜிதாவே பர்ஸ்ட் லேடியா இருந்துட்டுப் போகட்டும்."

என் வாயிலிருந்து வார்த்தை தானாக வந்தது.

"நைனா நல்லாப் பண்ணுவாருங்க."

அதே நேரத்தில் நைனாவும் சொன்னார். "பூஜிதா நல்லாப் பண்ணுமுங்க."

இரண்டும் ஒன்றாகக் கேட்டன. மேக்னா குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது.

கடைசியில் முடிவு இதுதான். பதவியேற்பு அன்று நைனா பர்ஸ்ட் லேடியின் வேலைகளைச் செய்து பார்க்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் வருடம் முழுக்க அவர்தான். தடுமாறினால் பர்ஸ்ட் லேடி பேட்ஜ் அங்கேயே, மேடையிலேயே என் துப்பட்டாவில் ஏறும்.

"பேட்ஜை ஆம்பளை நெஞ்சுல நான் எப்படிங்க குத்தறது?" என்று அத்தை சந்தேகம் கிளப்பினார்.

"தட்டுல வெச்சுக் குடுத்துருங்க" என்றார் டீச்சர். அதற்கு மட்டும் எல்லோரும் கை தட்டினார்கள்.

*

அத்தை பன்னீர்ச் செம்பைக் கொடுத்தனுப்பியிருந்தார். நைனா அதைக் குலுக்கிப் பார்த்தார். "அடைச்சிருக்குது" என்று பட்டறைக்கு எடுத்துப் போனார். திரும்பி வந்தபோது ஓட்டைகள் எல்லாம் பளிச்சென்று பெரிதாக இருந்தன.

மேடைப் பேச்சுக்கு நான்தான் பயிற்சி கொடுத்தேன். குருட்டுக்கு வழிகாட்டக் குருடு கிடைத்த மாதிரி என்று அம்மா சொல்லவில்லை, ஆனால் அவர் பார்வை அப்படித்தான் இருந்தது. மூன்று வரி தயார் செய்தோம். வணக்கம். என் மனைவி தலைவரானதில் எனக்குப் பெருமை. எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.

"நடுவுல இருக்கறதுதான் கஷ்டமா இருக்குது கண்ணு" என்றார் நைனா.

"பெருமை இல்லீங்களா நைனா?"

"இருக்குது. இருக்கறதனாலதான் சொல்ல வர மாட்டேங்குது."

பக்கத்து அறையில் அம்மா கண்ணாடி முன்னால் தன் பேச்சைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி ஒன்றுதான் கடைசிவரை நின்று கேட்டது. மாடியில் தண்ணீர் வழியும் சத்தம் கேட்டதும் நைனா, "லட்சுமி, மோட்டார்!" என்றார். அம்மா பாதி வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்.

இது எங்கள் வீட்டில் தினமும் நடப்பது. குழாயில் சிறுவாணித் தண்ணீர் கீழ்த்தொட்டிக்கு வரும். அதை மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்ற வேண்டும். ஊருக்கெல்லாம் மோட்டார் செய்யும் வீட்டில், நிறைந்தால் தானாக நிற்கும் ஸ்விட்ச் கிடையாது. "அது ஒரு நாள் சிக்கிக்கும். மனுசங்களை நம்பலாம்" என்பது நைனாவின் கட்சி. போட்டுவிட்டு மறப்பது எப்போதும் அம்மா. ஞாபகப்படுத்துவது எப்போதும் நைனா.

பதவியேற்பு ஞாயிற்றுக்கிழமை காலையில். அன்று விடியற்காலையில் தண்ணீர் வந்திருந்தது. நைனா பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு வீட்டுக்குள் முன்னும் பின்னும் நடந்தார். மூன்று வரியை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். "நீங்க கார்ல உக்காருங்க, வாரேன்" என்று உள்ளே போனார். பன்னீர்ச் செம்பை எடுத்து வந்தார். மறுபடி உள்ளே போனார். சும்மா வந்தார்.

*

வாசலில் நைனா செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சந்தனக் கிண்ணத்தோடு பக்கத்தில். சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற வனத்துறை அதிகாரி. பகல் ரயிலில் சென்னைக்குப் போக வேண்டியவர். காரிலிருந்து இறங்கிச் சிரித்தபடி வந்தார். நைனா செம்பை ஒரு முறை உதறினார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீசையைத் துடைத்தார். சட்டையைப் பார்த்தார்.

"நல்ல ஃபோர்ஸு" என்றார்.

"அடைப்பு எடுத்துட்டேனுங்க" என்றார் நைனா, கொஞ்சம் பெருமையாக.

முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்த சாந்தாமணி அத்தை கண்ணை மூடித் திறந்தார்.

கூடம் நிரம்பியிருந்தது. மேடையில் அம்மா பச்சைப் பட்டில். ராமுலு மாமா, சங்கத்தின் செயலாளர், ஒலிபெருக்கியில் அறிவித்தார். "இப்போது நமது பர்ஸ்ட்..." ஒரு கணம் நின்றார். "நமது அரங்கசாமி அவர்கள் பேசுவார்கள்."

நைனா எழுந்து போனார். மைக்கைப் பிடித்தார். கூட்டத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கருத்தரங்கில் கரும்பலகையிலிருந்து திரும்பியபோது எனக்கு இருந்தது அதுதான்.

"வணக்கமுங்க" என்றார்.

காத்திருந்தோம். மின்விசிறிகள் சுற்றின.

"சாப்புட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சிலர் கை தட்டினார்கள். பந்தி தயார் என்று நினைத்து இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள்.

அத்தை என் பக்கம் சாய்ந்தார். "கண்ணு, துப்பட்டாவைச் சரி பண்ணிக்க" என்றார். தட்டில் பேட்ஜ் மின்னியது.

பிறகு அம்மா ஏற்புரைக்கு எழுந்தார்.

அம்மா மோசமாகப் பேசுபவர் இல்லை. அதைச் சொல்ல வேண்டும். தொண்டாமுத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே பெண் பிள்ளைகள் காலையில் வந்தது முதல் சாயங்காலம் வரை தண்ணீரே குடிப்பதில்லை, ஒதுங்க இடம் இல்லாததால். தன் தலைமையில் முதல் வேலை அந்த மாதிரிப் பள்ளிகள்தான் என்று சொல்ல வந்தார். சொல்லியும் விட்டார். ஆனால் அங்கே போன வழி, வழியில் பஞ்சரான டயர், அந்தப் பள்ளியில் சங்கம் கட்டிய புதுத் தொட்டி, தொட்டி கட்டிய மேஸ்திரி, மேஸ்திரியின் மகள் படிக்கும் படிப்பு எல்லாம் வந்தன. சிறப்பு விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சமையல்காரர் கதவிடுக்கில் தலையை நீட்டினார்.

ராமுலு மாமா ஒரு துண்டுச் சீட்டை எழுதி மேசையில் வைத்தார். அம்மா அதை எடுத்து வாசித்தார். "நேரமாகிறதுன்னு ராமுலு அண்ணன் எழுதிக் குடுத்திருக்காரு. நேரத்தைப் பத்தி ஒண்ணு சொல்லோணும்ங்க..."

அத்தை இருமினார். அம்மா தொடர்ந்தார். அத்தை இன்னொரு முறை, பெரிதாக இருமினார்.

"யாராச்சும் சாந்தாமணி அக்காவுக்குத் தண்ணி குடுங்க" என்றார் அம்மா மைக்கில். "பாவம், வந்ததுல இருந்து இருமிட்டே இருக்காங்க."

அத்தை என் கையை அழுத்தினார். "இது இருமலுக்கு அடங்காது. இனி உன் வேலை. எந்திரி. போயி காதுல சொல்லு."

எழுந்தேன். படியை நோக்கி நடந்தேன். எல்லாக் கண்களும் என் முதுகில். அம்மா அப்போது முக்கியமான கட்டத்தில் இருந்தார். "அந்தப் புதுத் தொட்டிக்கு ராத்திரி யானை வந்துருச்சுங்க. தொட்டிகிட்ட வந்து நின்னு, தும்பிக்கையைத் தூக்கி..."

அத்தைக்காக ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் யானையைக் கேட்டபடி ஊற்றிக்கொண்டே இருந்தார். தம்ளர் நிறைந்து, வழிந்து, மேசைத் துணியிலிருந்து தரையில் சொட்டியது.

"லட்சுமி! மோட்டார்!"

நைனாவின் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தார். மைக் தேவைப்படவில்லை.

"ஐயோ!" என்றார் அம்மா. "நன்றி, வணக்கம்!" கைப்பையை எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி ஓடினார். நடுப்படிக்கு வந்த பிறகுதான் இருப்பது வீடு இல்லை என்று உறைத்து நின்றார்.

கூடம் அதிர்ந்தது. அன்று அப்படிக் கைதட்டல் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. ராமுலு மாமா பாய்ந்து மைக்கைக் கைப்பற்றி நாட்டுப்பண் என்றார். அது முடிந்ததும் சிறப்பு விருந்தினர் நைனாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ரயிலைப் புடிச்சுக் குடுத்துட்டீங்க."

"நான் ஊட்டுக்குப் போகோணுமுங்க" என்றார் நைனா.

"அட, என்ன அடக்கம் பாருங்க" என்றார் ஒருவர்.

சாந்தாமணி அத்தை தட்டைத் தள்ளி வைத்தார். பேட்ஜைக் கையில் எடுத்து, நேராக நைனாவின் சட்டைப் பையில் குத்தினார். "மூணு தடவை பர்ஸ்ட் லேடியா இருந்து இருமி இருமி எந்தொண்டையே போச்சு. அண்ணன் ஒத்தை வார்த்தையில முடிச்சுப்போட்டாரு. இதுக்கு மேல என்னத்தப் பேசறது?"

"ஊட்டுக்குப் போகோணுமுங்க" என்றார் நைனா மறுபடி.

"சாப்புட்டுட்டுப் போங்கன்னு சொன்னதே நீங்கதானுங்க" என்று டீச்சர் அவரைப் பந்தியில் உட்கார வைத்தார். நைனா பாயசத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். நான் பயமில்லாமல் இரண்டு முறை பாயசம் வாங்கினேன்.

*

நைனா அவ்வளவு வேகமாகக் கார் ஓட்டி நான் பார்த்ததில்லை. உக்கடம் தாண்டும் வரை அம்மா ஒன்றும் பேசவில்லை. அம்மா பேசாமல் இருப்பதும் நான் பார்த்ததில்லை.

"அத்தனை பேர் முன்னாடி" என்றார் கடைசியில்.

"லட்சுமி, மோட்டாரு..."

"போதும். அந்த வார்த்தையை இனி எடுக்காதீங்க. இருமியிருந்தாக்கூடப் பரவால்லீங்க. ஊட்டுல என்னைய ஓட வெக்கற வார்த்தையைக் கொண்டுவந்து மேடையில சொல்லிப்போட்டீங்க. எல்லாரும் கடிகாரத்தைப் பாத்துட்டு இருந்தாங்க, எனக்குத் தெரியும். நீங்க ஒருத்தராச்சும் கேக்கறீங்கன்னு நெனச்சேன்."

"கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நைனா ஹாரன் அடித்தார். முன்னால் யாரும் இல்லை.

எங்கள் தெருவுக்குள் திரும்பினோம். தெரு நனைந்திருந்தது. வீட்டு மாடியிலிருந்து தண்ணீர் சுவரோடு இறங்கி, வாசல்படி வழியாகத் தெருவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே குடங்களும் பக்கெட்டுகளும் வரிசையாக இருந்தன. பக்கத்து வீட்டு ரிஃபத் அக்கா சுடிதார்க் காலை மடித்துவிட்டுக்கொண்டு வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா, வாழ்த்துகள்!" என்றார் அம்மாவைப் பார்த்து. "எத்தனை தடவை ஃபோன் போட்டேன், எடுக்கவே இல்லையே. தலைவரானதும் மொத வேலையா தெருவுக்கே தண்ணி உட்டுட்டீங்க. எங்க ஊட்டு டிரம்மெல்லாம் ரொம்பிருச்சு."

நைனா காரை நிறுத்தியும் நிறுத்தாமலும் இறங்கி உள்ளே ஓடினார். படிக்குப் பக்கத்தில் மோட்டாரின் சத்தம் நின்றது. கீழ்த்தொட்டியில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். இன்னும் சற்று நேரம் ஓடியிருந்தால் தண்ணீரில்லாமல் சுற்றி, உள்ளே செப்புக் கம்பிச் சுருள் எரிந்திருக்கும். நைனா குந்தி உட்கார்ந்து, காய்ச்சல் பார்ப்பதுபோல மோட்டாரைத் தொட்டார்.

"தாங்கிருச்சு" என்றார்.

அம்மா பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றார். நைனாவின் சட்டைப் பையில் இருந்த பேட்ஜையும் மோட்டாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு போட்டது?"

"நான்தான். கெளம்பறப்போ. அந்த மூணு வரியை நெனச்சுட்டே போட்டுட்டேன். அந்தத் தம்ளர் வழியறப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

"அப்ப நீங்க என்னைய நிறுத்தச் சொல்லலையா?"

"மோட்டாரைத்தான் நிறுத்தச் சொன்னேன்."

"எம்பேச்சு?"

"அதுக்கென்ன, நல்லாத்தானே போயிட்டு இருந்துச்சு" என்றார் நைனா. "அந்த யானை அப்பறம் என்ன பண்ணுச்சு?"

அம்மா அவரையே பார்த்தார். அவர் பேச்சில் மிச்சத்தைக் கேட்டவர் அன்று நைனா ஒருவர்தான்.

"யானையா? எந்த யானை?" என்றபடி ரிஃபத் அக்கா குடத்தோடு கிட்டே வந்தார். பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள்.

அம்மா ஈரப் படியில் ஏறி நின்றார். விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். "ராத்திரி வந்துச்சுங்க. தும்பிக்கையைத் தூக்கி மோந்து பாத்துச்சு. மூடியை எடுத்து ஓரமா வெச்சுது. வேணுங்கற மட்டும் குடிச்சுது. புள்ளைங்க நாள் முழுக்கக் குடிக்காத தண்ணியை யானை வந்து ஆற அமரக் குடிச்சுட்டுப் போகுது, பாருங்க. போறப்ப கொழாயை இழுத்துத் தொறந்து உட்டுட்டு, மூடாமப் போயிருச்சு. விடிஞ்சு பாத்தா பள்ளிக்கூடமே தண்ணி."

நிறுத்தி, நைனாவைப் பார்த்தார்.

"உங்களாட்டத்தான்" என்றார்.

தெருவே சிரித்தது. நைனாவும் சிரித்தார். அம்மா மேஸ்திரி, மகள், டயர் எல்லாவற்றையும் இன்னொரு முறை சொன்னார். நைனா மோட்டார் மேல் கையை வைத்தபடி கடைசிவரை கேட்டார்.

சாந்தாமணி அத்தைக்கு இது தெரியக் கூடாது என்று அன்றே மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டோம்.

அடுத்த மாதச் சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பும்போது நைனா பேட்ஜைக் குத்திக்கொண்டு தயாராக நின்றார். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. வேடிக்கை பார்க்கப் போகிறேன். அம்மா கதவைப் பூட்டப் போனவர் திரும்பினார்.

"மோட்டார் ஆஃப் பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சு."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ரெண்டு தடவை பாத்தேன்."

"அப்ப இன்னைக்கு என்னைய யாரும் நிறுத்த முடியாது" என்று சொல்லிவிட்டு அம்மா முதல் ஆளாகக் காரில் ஏறினார்.